மூச்சு வழி இன்சுலின்: நிறுத்துப் பார்க்க ஒரு பாடம்



இனிப்பு நீர் வியாதிக்கு இனி ஊசி வேண்டியதில்லை, மூச்சில் உறிஞ்சினால் போதும் என்றொரு பேச்சு நம் கடைத்தெருவில் உலவி வருகின்றது. 2024 டிசம்பரில் இந்திய மருந்துக் கட்டுப்பாட்டு அதிகாரிகள் இத்தகைய மருந்தொன்றை அந்நாட்டில் விற்பதற்குச் சிப்லா கம்பெனிக்கு அனுமதி வழங்கிய பிறகு, ஊர் போய் வருகின்றவர்கள் வாயிலாக இப்பேச்சு அதிகமாயிற்று. பேச்சில் பாதி உண்மை உண்டு. ஆனால் இந்த வியாதியில் பாதி உண்மையை நம்பிக் காரியம் செய்தால் உயிருக்கே ஆபத்து நேரிடும். ஆகவே விஷயத்தை ஆதியிலிருந்து விளக்க முற்படுகின்றோம்.

நாம் வைத்தியர் அல்லோம்; கடைக்காரர். இந்தப் பாடம் டாக்டரின் ஆலோசனைக்கு ஈடாகாது. எனினும் புதுச் சரக்கு வந்தால் அதன் தரம், விலை, கெடும் காலம், யாருக்கு ஆகும், யாருக்கு ஆகாது என்று விசாரித்த பின்னரே கைவைப்பது நம் தொழில் வழக்கம். அதே வழக்கத்தை இம்மருந்திலும் கையாளலாம் அல்லவா?

1. எந்த வியாதியைப் பற்றிய பேச்சு?

இனிப்பு நீர் என்று நாம் ஒரே பெயரிட்டு அழைப்பதில் இரண்டு முக்கிய வகைகள் உண்டு. நம்மில் நாற்பது ஐம்பது வயதில் பலருக்கு வருவது இரண்டாம் வகை. அதில் உடலில் இன்சுலின் சுரந்தும் அது சரிவர வேலை செய்வதில்லை. நாளடைவில் சுரப்பும் குறைகின்றது. உணவுக் கட்டுப்பாடு, நடை, மாத்திரை ஆகியவற்றால் பல ஆண்டுகள் சமாளிக்க இயலும்.

முதலாம் வகை வேறு. அதில் உடலின் காவற்படையே தவறாகத் திரும்பி, கணையத்தில் இன்சுலின் சுரக்கும் அணுக்களை அழித்து விடுகின்றது. பெரும்பாலும் சிறுவயதில் அல்லது வாலிபத்தில் தலைகாட்டும், பெரியவர்களுக்கும் வருவதுண்டு. மிட்டாய் தின்றதனால் வந்தது என்று பிள்ளையையோ, வளர்ப்புச் சரியில்லை என்று தாயையோ பழிப்பது அநியாயம். வியாதி வந்த பின் உடலில் இன்சுலின் ஏறக்குறைய இல்லாமற் போகின்றது. வெளியிலிருந்து கொடுத்தே தீர வேண்டும். கொடுப்பது நின்றால் சர்க்கரை ஏறுவதோடு இரத்தத்தில் அமிலமும் சேரும். வாந்தி, வயிற்று வலி, வேகமான மூச்சு, மயக்கம் என்று ஓரிரு நாட்களில், சில வேளை சில மணி நேரத்திலேயே, உயிர் போகும் நிலை ஏற்படும்.

இப்பாடம் முதலாம் வகைக்காரரை மனதிற்கொண்டு எழுதப்படுவது. அவருக்கு இன்சுலின் என்பது மூச்சைப் போல, தண்ணீரைப் போல. எந்த வழியாக உள்ளே செலுத்துவது என்பதில் மட்டுமே பேச்சுக்கு இடமுண்டு.

2. ஊசி வந்த வரலாறு

1921-ஆம் ஆண்டு கனடா நாட்டின் டொராண்டோ நகரில் பிரெடரிக் பாண்டிங் என்ற வைத்தியரும் சார்லஸ் பெஸ்ட் என்ற மாணவரும், பேராசிரியர் மெக்லியாடின் ஆராய்ச்சிச் சாலையில், நாய்களின் கணையத்திலிருந்து இன்சுலினைப் பிரித்தெடுத்தனர். காலிப் என்ற இரசாயன நிபுணர் அதைச் சுத்திகரித்தார். 1922 ஜனவரியில் லியோனார்ட் தாம்சன் என்ற 14 வயதுச் சிறுவனுக்கு அதைச் செலுத்தினார்கள். எலும்பும் தோலுமாகக் கிடந்த அச்சிறுவன் பிழைத்து மேலும் 13 ஆண்டுகள் வாழ்ந்தான். அதற்கு முன் இவ்வியாதி வந்த பிள்ளைகளைப் பட்டினி போட்டு நாட்களை நீட்டுவதே வைத்தியமாக இருந்தது.

வியாபாரிகளாகிய நாம் கவனிக்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு. கண்டுபிடித்தவர்கள் அதன் உரிமையை டொராண்டோ சர்வகலாசாலைக்கு ஆளுக்கு ஒரு டாலர் பெற்றுக்கொண்டு எழுதிக் கொடுத்து விட்டார்கள். கோடிகளைச் சம்பாதித்திருக்கலாம், செய்யவில்லை.

இன்சுலினை மாத்திரையாக ஏன் விழுங்கக் கூடாது என்று கேட்பவர் உண்டு. அது ஒரு புரதம். இறைச்சியை ஜீரணிப்பது போலவே வயிறு அதையும் ஜீரணித்து விடும். அதனாலேயே ஊசி. ஊசியைத் தவிர வேறு வழி உண்டா என்னும் தேட்டம் அன்றே தொடங்கிற்று. 1920-களிலேயே ஜெர்மனியில் இன்சுலினை மூச்சு வழியாகக் கொடுத்துப் பார்த்தார்கள். உள்ளே சென்ற அளவு சொற்பம், முயற்சி பலிக்கவில்லை.

3. முதலில் திறந்த கடை மூடப்பட்டது

எண்பது ஆண்டுகள் சென்று, 2006 ஜனவரியில் பைசர் என்ற பெரிய கம்பெனியின் எக்ஸுபெரா என்னும் மூச்சு இன்சுலினுக்கு அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் அனுமதி கிடைத்தது. 2007 அக்டோபரில் கம்பெனி அதைக் கைவிட்டதாக அறிவித்தது. அந்த ஆண்டின் முதல் ஒன்பது மாதங்களில் விற்பனை 12 மில்லியன் டாலர்தான். கணக்கில் எழுதித் தள்ளிய தொகையோ 280 கோடி அமெரிக்க டாலர்.

ஏன் அப்படியாயிற்று? கருவி ஒரு பெரிய டார்ச் விளக்கைப் போல இருந்தது. சாப்பாட்டு மேசையில் அதை நீட்டிப் பிடித்து உறிஞ்ச யாரும் விரும்பவில்லை. விலையும் ஊசியைக் காட்டிலும் அதிகம். அளவோ குழப்பம். உலகெங்கும் இன்சுலினை யூனிட்டில் அளக்கின்றார்கள். இதை மில்லிகிராமில் வைத்தார்கள். ஒரு மில்லிகிராம் பொட்டலம் சுமார் 3 யூனிட்டுக்குச் சமம். மூன்று மில்லிகிராம் பொட்டலம் சுமார் 8 யூனிட்டுக்குச் சமம். ஆகவே ஒன்று ஒன்றாக மூன்று பொட்டலம் எடுத்தால் மூன்று மில்லிகிராம் பொட்டலம் ஒன்றைவிட அதிகமாகச் சேரும். மூன்று ஒரு கிலோப் படிக்கற்கள் ஒரு மூன்று கிலோப் படிக்கல்லுக்குச் சமமாகாத தராசை எந்தக் கடையில் வைக்க முடியும்?

பின்னர் 2008-இல் மற்றொரு செய்தி வெளியாயிற்று. பரிசோதனையில் எக்ஸுபெரா எடுத்த 4,740 பேரில் 6 பேருக்கும், எடுக்காத 4,292 பேரில் ஒருவருக்கும் நுரையீரல் புற்றுநோய் கண்டிருந்தது. அவர்கள் அனைவரும் முன்பு சிகரெட் புகைத்தவர்கள். எண்ணிக்கை மிகக் குறைவாதலால் மருந்தே காரணம் என்று தீர்மானிக்க இயலவில்லை. ஆயினும் எச்சரிக்கை எழுதப்பட்டது.

4. இப்போதுள்ள மருந்தும் அதன் வேலையும்

இப்போது பேசப்படுவது அப்ரெசா என்ற மருந்து. அமெரிக்காவின் மேன்கைண்ட் கார்ப்பரேஷன் தயாரிப்பது. இந்தியாவில் இதே பெயரொலி கொண்ட மற்றொரு மருந்துக் கம்பெனி உண்டு; அது வேறு, இது வேறு. 2014 ஜூன் மாதத்தில் அமெரிக்க அதிகாரிகள் இதற்கு அனுமதி தந்தனர். சனோபி என்ற பெரிய கம்பெனி விற்பனையை ஏற்று, போதிய வியாபாரம் இல்லாமையால் 2016-இல் விலகிக்கொண்டது. அதன்பின் மேன்கைண்டே விற்று வருகின்றது. பிரேசில் நாடு 2019-இல் அனுமதித்தது.

கருவி கைக்குள் அடங்கும் சிறியது. இன்சுலின் தூள் 4, 8, 12 யூனிட் அளவுகளில் சிறு குப்பிகளாக வருகின்றது. குப்பியைக் கருவியில் இட்டு, வாயில் வைத்து, ஒரே மூச்சாக இழுக்க வேண்டும். தூள் மிக நுண்ணியது. நுரையீரலின் ஆழம் வரை சென்று உடனே கரைந்து இரத்தத்தில் கலக்கின்றது. நுரையீரலின் உட்பரப்பை விரித்தால் சுமார் 70 சதுர மீட்டர் வரும். அவ்வளவு பெரிய பரப்பும், அதன் மெல்லிய சுவரும்தான் வேகத்திற்குக் காரணம்.

எவ்வளவு வேகம்? சுமார் 12 நிமிடத்தில் வேலை தொடங்குகின்றது. 35 முதல் 45 நிமிடத்தில் உச்சம். அளவுக்குத் தக்கவாறு ஒன்றரை மணி முதல் மூன்று மணி நேரத்தில் தீர்ந்து விடுகின்றது. சாப்பாட்டுக்கு முன் போடும் துரித ஊசி இன்சுலினோ ஒன்று முதல் மூன்று மணியில் உச்சமடைந்து, மூன்று முதல் ஐந்து மணி நேரம் உடலில் நிற்கும்.

இங்கே மிக முக்கியமான ஒரு விஷயத்தை மனதில் பதித்துக்கொள்ள வேண்டுகின்றோம். முதலாம் வகைக்காரருக்கு இரண்டு விதமான இன்சுலின் வேண்டும். சாப்பாட்டுக்கென்று வேளாவேளைக்கு எடுப்பது ஒன்று. சாப்பிடாத நேரத்திலும், தூங்கும்போதும், இரவு பகலாக உடலைக் காக்கும் நீண்டநேர இன்சுலின் மற்றொன்று. மூச்சு இன்சுலின் முதலாவதற்கு மட்டுமே ஈடு. இரண்டாவதை ஊசியாகவே போட வேண்டும். நாளொன்றுக்கு நான்கு ஊசி போடுபவருக்கு மூன்று குறையலாம், ஒன்று நிற்கும். அந்த ஒன்றையும் விட்டவர் சில மணி நேரத்தில் இன்சுலினே இல்லாத நிலைக்கு ஆளாவார்.

5. தராசின் ஒரு தட்டு: நன்மைகள்

முதலாவது, ஊசி குறைவு. இதை அற்பமாக எண்ணலாகாது. கடையில் நிற்கும் வாலிபன், கூட்டாளிகள் முன் சட்டையைத் தூக்கி ஊசி போட வெட்கப்பட்டு, மதியச் சாப்பாட்டு இன்சுலினை விட்டு விடுகின்றான். வாப்பாவிடம் போட்டேன் என்று சொல்லி விடுகின்றான். போடாத ஊசியைவிட உறிஞ்சிய மருந்து மேலானது என்பதில் ஐயமில்லை.

இரண்டாவது, வேகம். வியாபாரிக்குச் சாப்பாட்டு நேரம் நிச்சயமில்லை. தட்டில் சோறு வந்த பிறகு மருந்தை எடுத்துக்கொள்ளலாம். ஊசியைப் போட்ட பின் வாடிக்கையாளர் வந்து, சாப்பாடு தள்ளிப்போய், சர்க்கரை இறங்கி வேர்த்துக் கொட்டும் நிலை குறையும்.

மூன்றாவது, சீக்கிரம் தீர்ந்து விடுவது. பழைய மருந்து உடலில் தங்கி, புதிய மருந்தோடு சேர்ந்து, சாப்பிட்டு நான்கைந்து மணி கழித்துச் சர்க்கரையைக் கீழே தள்ளுவது குறைகின்றது. 2015-இல் வெளியான 24 வார ஆராய்ச்சியில், ஊசிக்காரர்களைவிட மூச்சு இன்சுலின்காரர்களுக்குச் சர்க்கரைத் தாழ்வு குறைவாகவே நேர்ந்தது. ஊசிக்காரர்களின் எடை சற்றே கூடியது, மற்றவர்களுக்குக் கூடவில்லை.

6. மறு தட்டு: குறைகள்

முதலாவது, இருமல். பரிசோதனைகளில் நான்கில் ஒருவருக்கு மேல் இருமல் கண்டது. பெரும்பாலும் உறிஞ்சியவுடன் வரும் வறட்டிருமல், நாளடைவில் குறைவதுண்டு. சிலர் அதனாலேயே மருந்தை விட்டுவிட்டார்கள்.

இரண்டாவது, நுரையீரலின் பலம் சிறிதளவு குறைவது. ஒரு விநாடியில் ஊதி வெளியேற்றும் காற்றின் அளவு, முதல் மூன்று மாதங்களில் சராசரி 40 மில்லிலிட்டர் மற்றவர்களைவிடக் குறைந்தது. பார்த்த இரண்டு ஆண்டு வரையில் அதற்குமேல் வித்தியாசம் பெருகவில்லை. வாழ்நாள் முழுவதும் எடுக்க வேண்டிய மருந்துக்கு இரண்டு ஆண்டுக் கணக்கு குறுகியது என்பதை நாமே உணரலாம்.

மூன்றாவது, அளவு. ஊசிப் பேனாவில் ஒவ்வொரு யூனிட்டாகக் கூட்டவோ குறைக்கவோ முடியும். சிறுவர்களுக்கு அரை யூனிட்டும் உண்டு. மூச்சு மருந்தோ நான்கு நான்காக ஏறும். அன்றியும், மூச்சில் எடுக்கும் 4 யூனிட் ஊசியில் போடும் 4 யூனிட்டுக்குச் சமமாகாது. முழுவதும் இரத்தத்தில் சேருவதில்லை. ஒரே பெயருள்ள இரண்டு படிகள் வெவ்வேறு அளவு பிடிப்பது போன்றது இது. கணக்கைப் புதிதாகவே போட வேண்டும். அதை டாக்டரும் சர்க்கரைப் பரிசோதனையும்தான் போட்டுத் தர இயலும்.

நான்காவது, நம் சாப்பாடு. நெய்ச்சோறு, பிரியாணி, ரொட்டி சானாய் போன்ற கொழுப்பு மிகுந்த உணவு மெல்லவே ஜீரணமாகும். மருந்து இரண்டு மூன்று மணியில் தீர்ந்துபோக, சோற்றின் சர்க்கரை அதற்குப் பின்னும் ஏறிக்கொண்டிருக்கும். கல்யாண விருந்துக்குப் பிறகு மறுபடி ஒரு மூச்சு வேண்டி வரலாம். சீக்கிரம் தீர்வது நன்மைத் தட்டிலும் உண்டு, குறைத் தட்டிலும் உண்டு.

ஐந்தாவது, அமிலம் சேரும் ஆபத்து. முதலாம் வகைக்காரரிடம் நடந்த பரிசோதனைகளில் இது மூச்சு இன்சுலின் எடுத்தவருக்குச் சற்று அதிகமாகவே கண்டது. காய்ச்சல், வாந்தி, மார்ச்சளி ஆகிய நாட்களில் விசேஷக் கவனம் தேவை. ஊசி இன்சுலின் எப்போதும் வீட்டில் கையிருப்பாக இருக்க வேண்டும்.

7. இம்மருந்தைத் தொடவே கூடாதவர்கள்

ஆஸ்துமா உள்ளவர்களும், நாட்பட்ட நுரையீரல் அடைப்பு நோய் உள்ளவர்களும் இதை எடுக்கக் கூடாது. திடீரென மூச்சுக் குழாய் இறுகிவிடும் என்று பெட்டியின் மேலேயே கட்டமிட்டு எச்சரித்திருக்கின்றார்கள். சிகரெட், பீடி, சுருட்டுப் புகைப்பவருக்கும், விட்டு ஆறு மாதம் ஆகாதவருக்கும் இது ஆகாது. புகைப்பவரின் நுரையீரல் மருந்தை வேறு அளவில் இழுத்துக்கொள்ளும். புகைக்கும் சகோதரருக்கு நாம் சொல்வது: மருந்தை மாற்ற எண்ணுமுன் புகையை விடுங்கள். இனிப்பு நீரும் புகையும் சேர்ந்தால் இருதயமும் கால் நரம்பும் சீக்கிரம் கெடும்.

நுரையீரல் புற்றுநோய் இருப்பவருக்கும் இது தரப்படுவதில்லை. முன்பு இருந்தவரும் அந்த ஆபத்து உள்ளவரும் டாக்டரிடம் அதைச் சொல்ல வேண்டும். தொடங்குமுன் எல்லாருக்கும் ஸ்பைரோமெட்ரி என்னும் ஊதும் பரிசோதனை கட்டாயம். ஆறு மாதத்தில் மறுபடியும், பின்னர் ஆண்டுதோறும் செய்ய வேண்டும்.

2014-இல் அமெரிக்காவிலும் 2024-இல் இந்தியாவிலும் கிடைத்த அனுமதி வயது வந்தவர்களுக்கே. சிறு பிள்ளைகள் விஷயத்தில் குழந்தை வைத்தியரைக் கேளாமல் பெற்றோர் தாமாக எதுவும் செய்யலாகாது.

8. ஆராய்ச்சி எடை காட்டுவது என்ன?

மேலே சொன்ன 24 வார ஆராய்ச்சியில், மூன்று மாதச் சராசரியைக் காட்டும் ஏ1சி எண் ஊசிக்காரர்களுக்கு 0.40 இறங்கிற்று, மூச்சுக்காரர்களுக்கு 0.21 இறங்கிற்று. அதாவது ஊசியைவிடச் சற்றுக் குறைவு. ஆயினும் மிகவும் மட்டமில்லை என்று முன்பே வகுத்த எல்லைக்குள் இருந்தது.

2024-இல் வெளியான மற்றோர் ஆராய்ச்சியில் முதலாம் வகையைச் சேர்ந்த 123 பெரியவர்கள் 17 வாரம் பங்கு கொண்டனர். ஒரு பகுதியினர் நீண்டநேர ஊசியோடு மூச்சு இன்சுலின் எடுத்தார்கள். மற்றவர்கள் தங்கள் வழக்கமான ஊசியையோ பம்பையோ தொடர்ந்தார்கள். முடிவில் இரு பகுதியின் சராசரியும் ஏறக்குறைய ஒன்றே. ஆனால் சராசரி என்பது மொத்த இலாபக் கணக்கைப் போல. எந்தச் சரக்கில் இலாபம், எதில் நஷ்டம் என்பதை மறைத்து விடும். ஏ1சி 0.5-க்கு மேல் நல்லபடியாக இறங்கியவர்கள் மூச்சுப் பகுதியில் நூற்றுக்கு 21 பேர். வழக்கப் பகுதியில் 5 பேர். அதே அளவு மோசமாக ஏறியவர்கள் மூச்சுப் பகுதியில் நூற்றுக்கு 26 பேர். வழக்கப் பகுதியில் 3 பேர்.

இதன் பொருள் யாது? சிலருக்கு இது மெய்யாகவே நன்கு பொருந்துகின்றது. அதைவிடச் சற்று அதிகமானவர்களுக்குப் பொருந்துவதில்லை. யாருக்கு எது என்பதை அவரவர் சர்க்கரையை அடிக்கடி அளந்து பார்த்தே அறிய முடியும். பக்கத்துக் கடைக்காரருக்கு நன்றாக இருக்கின்றது என்பது நமக்குச் சாட்சியாகாது.

9. ஹலாலும் நோன்பும்

பழைய காலத்து இன்சுலின் மாட்டின் கணையத்திலிருந்தும் பன்றியின் கணையத்திலிருந்தும் எடுக்கப்பட்டது. அதனால் நம் பெரியவர்களுக்கு மனக்குறை இருந்தது. 1982 முதல் நுண்ணுயிர்களைக் கொண்டு மனித இன்சுலினையே தயாரிக்கும் முறை நடைமுறைக்கு வந்தது. அப்ரெசாவில் உள்ளதும் அம்முறையில் செய்யப்படும் மனித இன்சுலின்தான். ஆகவே அந்தப் பழைய ஐயம் இதில் எழவில்லை.

நோன்பைப் பற்றி: ஊட்டச் சத்துக்காக அல்லாமல் தோலிலோ தசையிலோ போடும் மருந்து ஊசியால் நோன்பு முறியாது என்று 1997-இல் ஜித்தாவில் கூடிய சர்வதேச இஸ்லாமிய பிக்ஹ் சபை தீர்மானித்திருக்கின்றது. மூச்சில் இழுக்கும் மருந்து விஷயத்தில் ஆலிம்களிடையே இரு கருத்துகள் உண்டு. திறந்த வழியாக உள்ளுக்குள் ஒரு பொருள் சென்று சேர்ந்தால் நோன்பு முறியும் என்பது ஷாபிஈ மத்ஹபின் பொது விதி. ஆகவே தத்தம் மத்ஹபின் ஆலிமிடம் மஸ்அலா கேட்டுக்கொள்வதே முறை.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். இது சாப்பாட்டோடு எடுக்கும் மருந்து. நோன்பாளி சாப்பிடுவது நோன்பு திறக்கும்போதும் ஸஹர் நேரத்திலும்தான். எனவே பகலில் இதற்கு அவசியம் பெரும்பாலும் வராது. பகலில் சர்க்கரை மிகவும் ஏறி மருந்து தேவைப்படும் நிலை வந்தால், அது நோன்பை விட்டுவிட வேண்டிய நிலையே. முதலாம் வகைக்காரர் நோன்பு பிடிப்பதே பெரும் ஆபத்துக்குரியது. ரமலானுக்கு ஓரிரு மாதங்களுக்கு முன்பே டாக்டரைக் கலந்து கொள்ள வேண்டும். நோயாளிக்கு மார்க்கம் சலுகை தந்திருக்கின்றது. உடல் அல்லாஹ் நம்மிடம் ஒப்படைத்த அமானிதம். சலுகையை ஏற்றுக்கொள்வதில் வெட்கத்துக்கு இடமில்லை.

10. ஊரிலிருந்து வரவழைப்பது பற்றி

நம் வட்டத்து அன்பர் ஒருவர் அண்மையில் நம்மிடம் கேட்டார்: “நானா, திருச்சியிலிருந்து ஆள் வருகின்றார். பையனுக்கு இரண்டு மாத மருந்து வாங்கி வரச் சொல்லவா? ஊசியை விட்டுவிடலாம் அல்லவா?” அவர் மகன் முதலாம் வகைக்காரன். நாம் அவருக்குச் சொன்னவற்றை இங்கும் சொல்லுகின்றோம்.

ஊசியை விடுவது கூடாது. காரணம் மேலே கண்டோம்.

இம்மருந்து தூளாயினும் சுக்குத் தூள் போலவோ மிளகாய்த் தூள் போலவோ அலமாரியில் வைக்கத் தக்கது அன்று. பிரிக்காத உறையை ஐஸ்பெட்டியில் வைத்தால் அதன் மேல் அச்சிட்ட தேதி வரை இருக்கும். வெளியே வைத்தால் 10 நாட்கள்தான். உறையைப் பிரித்து, உள்ளிருக்கும் பட்டையைத் திறந்து விட்டால் 3 நாட்கள். கருவியை 15 நாட்களுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். தண்ணீர் விட்டுக் கழுவக் கூடாது. குப்பியை இட்ட பின் கருவியைச் சாய்க்கவோ குலுக்கவோ கூடாது. தூள் கொட்டிப் போகும். பிரயாணப் பெட்டியில், விமான நிலைய வெயிலில், பிறகு கார் பின்புறத்தில் கிடந்து வந்த சரக்கின் பலத்தை யார் ஜாமீன் எடுப்பது? கெட்ட மைதாவை மூக்கு கண்டுபிடிக்கும். கெட்ட இன்சுலினைச் சர்க்கரை ஏறிய பிறகே கண்டுபிடிக்க முடியும்.

அன்றியும், மலேசியாவில் விற்கப்படும் மருந்து மருந்துக் கட்டுப்பாட்டு அதிகாரிகளிடம் பதிவு பெற்று, பதிவெண்ணும் பாதுகாப்பு முத்திரையும் தாங்கி இருக்க வேண்டும். சிங்கப்பூரில் சுகாதார அறிவியல் ஆணையத்தின் அனுமதி வேண்டும். பதிவில்லாத மருந்தைக் கடையில் வைத்து விற்பது சட்டப்படி குற்றம். சினேகிதருக்கு உதவி என்று எண்ணி ஒரு பெட்டியைக் கூட நம் சகோதரர்கள் கைமாற்றலாகாது.

விலையையும் எண்ணிப் பாருங்கள். மலேசியப் பிரஜைகளுக்கு அரசாங்க ஆஸ்பத்திரியில் ஊசி இன்சுலின் சொற்பக் கட்டணத்தில் கிடைக்கின்றது. வாழ்நாள் முழுவதும் வாங்க வேண்டிய ஒன்றில், முதல் மாத விலையை மட்டும் பார்த்து இறங்குவது நல்ல வியாபாரியின் கணக்காகாது. நடுவில் வரத்து நின்றால் என்ன செய்வது என்பதும் கணக்கில் சேர வேண்டும்.

அந்த அன்பர் மகனை டாக்டரிடம் அழைத்துப் போனார். பையன் மதிய ஊசியை வாரத்தில் பல நாள் போடுவதில்லை என்பது அங்கேதான் வெளிவந்தது. மெல்லிய ஊசியுள்ள பேனாவும், கடையின் பின்னறையில் பத்து நிமிடத் தனிமையும் இப்போதைக்கு ஏற்பாடாயின. மூச்சு மருந்து பின்னர் பார்க்கலாம் என்று முடிவாயிற்று.

11. டாக்டரிடம் கேட்க வேண்டிய கேள்விகள்

இம்மருந்தை விரும்புகின்றவர் கீழ்க்கண்டவற்றை ஒரு தாளில் எழுதிக்கொண்டு போகலாம்.

அ) எனக்கு ஆஸ்துமாவோ மறைந்த நுரையீரல் நோயோ உண்டா? ஊதும் பரிசோதனை எப்போது?
ஆ) நீண்டநேர ஊசியின் அளவு மாறுமா?
இ) இப்போது போடும் சாப்பாட்டு ஊசிக்கு ஈடாக எத்தனை யூனிட் மூச்சில் எடுப்பது?
ஈ) விருந்துச் சாப்பாட்டுக்குப் பின் எத்தனை மணியில் சர்க்கரை பார்ப்பது? எந்த அளவுக்கு மேல் மறுபடி எடுப்பது?
உ) இருமல், சளி, காய்ச்சல் நாட்களில் ஊசிக்குத் திரும்புவது எப்படி?
ஊ) இந்நாட்டில் இம்மருந்தை முறைப்படி பெற வழி என்ன? தொடர்ந்து கிடைக்குமா?
எ) மூன்று மாதம் கழித்து எந்த எண்ணைப் பார்த்து, தொடரலாம் அல்லது விடலாம் என்று முடிவு செய்வது?

ஏழாவது கேள்வியை மறவாதீர்கள். கணக்கு முடிக்கும் நாள் குறிக்காத வியாபாரத்தில் நஷ்டம் தெரிவதற்குள் முதல் போய்விடும்.

பாடத்தின் சாரம்

மூச்சு இன்சுலின் மெய்யான மருந்து. மாயமும் இல்லை, மோசடியும் இல்லை. முதலாம் வகைக்காரருக்கு அது சாப்பாட்டு ஊசிக்கு மட்டுமே மாற்று. நீண்டநேர ஊசி நிற்கவே நிற்கும். சுத்தமான நுரையீரல் உள்ள, புகைக்காத, அடிக்கடி சர்க்கரை அளந்து பார்க்கும் பொறுமையுள்ள பெரியவர், ஊசியால் மிகவும் வருந்துபவராக இருந்தால், டாக்டரின் துணையோடு சோதித்துப் பார்க்கத் தக்கது. ஊசியால் நன்றாக நடந்து வருபவர் மாற்றத்துக்கு அவசரப்பட வேண்டியதில்லை.

நம் கடைகளில் வேலை செய்யும் பிள்ளைகளில் இவ்வியாதி உள்ளவர் இருந்தால், மருந்து எடுக்க இடமும் நேரமும் கொடுப்பது முதலாளியின் கடமை. சர்க்கரை இறங்கி நடுக்கமும் வேர்வையும் கண்டால், மூன்று தேக்கரண்டிச் சீனி கலந்த தேத்தண்ணீர் கொடுத்து, கால் மணி கழித்து மறுபடி அளந்து பாருங்கள். மயங்கி விழுந்தவருக்கு வாயில் எதையும் ஊற்றாமல் உடனே ஆம்புலன்ஸை அழையுங்கள். கடைச் சிப்பந்திகள் அனைவருக்கும் இதைச் சொல்லி வையுங்கள்.

நோயாளிகள் யாவருக்கும் அல்லாஹுத் தஆலா பூரண ஷிபாவைத் தந்தருள்வானாக, ஆமீன். வஸ்ஸலாம்.